தொடர்மழை: சம்பா வயலும் மாட்டுக் கொட்டகையும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். டெல்டா மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை நாட்கணக்கில் நீடிக்கும்போது, வயலில் தேங்கும் நீரால் சம்பாப் பயிரின் வேர்கள் காற்றோட்டமின்றிச் செயலிழந்து, தழைச்சத்தை எடுக்க இயலாமல் இலைகள் மஞ்சளாகின்றன. இந்நிலையில் தேங்கிய நீரில் உரமிடுவது வீண் செலவாகும் என்பதால், முதலில் வடிகாலைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். அதன்பின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓரிரவு வைத்திருந்து, 17 கிலோ பொட்டாசுடன் சேர்த்து இடுங்கள்.

பயிர்ச் சேதம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கொட்டகையில் நேரும் இழப்பை நாம் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். நனைந்த வைக்கோலில் பூசணம் பிடித்தால் அதில் உருவாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டின் கல்லீரலைப் பாதிப்பதோடு பாலிலும் கலக்கிறது. ஆகவே பூசணம் பிடித்த வைக்கோலை, தீவனம் எவ்வளவு தட்டுப்பாடாக இருந்தாலும், போடாதீர்கள். ஈரத்தரையில் நிற்கும் மாடுகளுக்குக் குளம்பழுகலும் மடிநோயும் எளிதில் வருகின்றன. சேற்றில் பெருகும், கொசு போன்ற சிறு கடிபூச்சிகள் செம்மறியாடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. மாடு தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால், அது தொண்டை அடைப்பான் என்னும் கொடிய நோயாக இருக்கக்கூடும் என்பதால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள், அறுத்துப் பரப்பிய கதிர் 14 நாட்களுக்குள் மழையால் சேதமடைந்தால், 72 மணி நேரத்துக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். சேதத்தின் படங்களை உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.