பிரெஞ்சு வகுப்பில் பாரிஸுக்கு அப்பாலும் உலகம் உண்டு

பிளஸ் ஒன்னில் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுக்கலாம் என்று வைத்திருக்கும் சென்னைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம். உங்கள் மாணவர்களுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுப்பவள் நான். சேர்க்க வரும் பெற்றோர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஸ்கோரிங் சப்ஜெக்ட், மிஸ்." அட்மிஷன் நேரத்தில் பள்ளியில் சொல்லி அனுப்புவதும் அதுவே. பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேருவதில்லை. மாநில ரேங்க் அறிவிப்பும் 2017இலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்த மோகம் மட்டும் விடவில்லை.

இரண்டு வருடம் படித்த பிள்ளை வினைச்சொற்களை எல்லாக் காலத்திலும் பிழையில்லாமல் எழுதிவிடுகிறாள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் யார் என்று கேட்டால் பாரிஸ், ஈஃபில் கோபுரம், அதோடு சரி.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ரியூனியன் என்றொரு தீவு, பிரான்சின் ஒரு பகுதி. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கென்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களின் வாரிசுகள் அங்கே இன்றும் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள், காவடி எடுக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி, பள்ளியில் பிரெஞ்சு. கொள்ளுத்தாத்தாவுக்கு எந்த ஊர் என்று நம் பிள்ளைகள் அவர்களிடம் விசாரிக்க வேண்டுமானால் பிரெஞ்சில்தான் விசாரிக்க வேண்டும். கரீபியனில் மார்த்தினிக்குக்கு 1853இலும் குவாதலூப்புக்கு 1854இலும் இங்கிருந்து போய்ச் சேர்ந்த முதல் கப்பல்களின் கதையும் இப்படித்தான். அந்தத் தீவுகளில் 'கொலம்போ' என்ற மசாலாக் குழம்பு வீட்டுச் சமையலாகவே ஆகிவிட்டது.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: "தமிழ் தெரியாம எப்படி மிஸ் அம்மனுக்கு வேண்டிப்பாங்க?" பக்கத்தில் இருந்தவன் சட்டென்று, "நீ மட்டும் என்ன, தமிழ் வேணாம்னுதானே இங்க வந்த?" என்றான். அன்றைக்குப் பாடம் ஓடவில்லை. ஒரு மொழியை விட்டுவிட்டும் ஒரு வழிபாட்டை நூறு வருடத்துக்கு மேல் எப்படிக் காப்பாற்ற முடியும் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டார்கள். வினாத்தாளில் வராத சண்டை அது. ஆனால் பிறகு ரியூனியன்காரர் ஒருவரின் பேட்டியைக் கொடுத்தபோது, வழக்கமாக முதல் பத்தியோடு நிறுத்திவிடுகிறவர்கள்கூட அகராதியை வைத்துக்கொண்டு கடைசிவரை படித்தார்கள்.

செனகலின் முதல் அதிபர் செங்கோர் பிரெஞ்சில் எழுதிய பெருங்கவிஞர். 1974இல் சென்னைக்கு வந்து ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துவைத்துப் பேசினார். அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிற ஒரு பிளஸ் டூ மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட கதைகளைப் படிக்க வாரத்தில் ஒரு பீரியட், தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல். ஆசிரியர்களுக்கு போர்ஷன் முடிக்கும் கவலை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் இதை அவர்களிடம் கேட்காமல் டைம்டேபிள் போடும் உங்களிடம் கேட்கிறேன். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு பாரிஸ் டூர் கூட்டிப்போவதை நிறுத்தச் சொல்லவில்லை (வசதியுள்ளவர்கள் போகட்டும்). அதற்கு முன்னால் ஈசிஆரில் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையத்தைக் காட்டுங்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் சேர்த்துவைத்திருக்கும் சைவ ஆகம ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியவை. ரியூனியனில் ஏதாவதொரு பள்ளிக்கு உங்கள் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் போடுங்கள். டியூஷன் டீச்சர் எழுதினால் பதில் வராது, பள்ளி எழுதினால் வரும்.

முதல் பருவத்துக்கு வேண்டிய வாசிப்புப் பகுதிகளை நான் தொகுத்து வைத்திருக்கிறேன். கேட்கிற பள்ளிக்குக் காசு வாங்காமல் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிரெஞ்சு ஆசிரியை