கார்டு மேல் பழி போடும் முன்

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ரெண்டர் போட்டால், அதாவது பிளெண்டர் என்ற 3டி புரோகிராமில் செய்த காட்சியைப் படமாக்க விட்டால், மெஷின் பாதியில் விழுந்துவிடுகிறது என்றும், "கிராபிக்ஸ் கார்டு போயிருச்சும்மா, புதுசு வாங்கணும், முப்பதாயிரம் ஆகும்" என்றும் நீ சொன்னபோது கடையில் ஆள் நின்றதால் சரியாகப் பேச முடியவில்லை. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

திரைக்குப் படம் போடுகிற அந்தக் கார்டு போயிருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போய்விட்டது என்று உனக்கு யார் சொன்னது? உன் தெருமுனை சர்வீஸ் கடைக்காரர். கேபினட்டைத் திறந்து பார்த்தாரா? இல்லை. நீ சொன்னதைக் கேட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கிறார். சிம்மக்கல்லில் இத்தனை வருடமாகப் பிளக்ஸ் டிசைன் கடை நடத்துகிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள். நன்றாக ஓடுகிற வேறொரு மெஷினில் அந்தக் கார்டைப் போட்டு, அங்கேயும் அதே கோளாறு வந்தால்தான் அது செத்தது என்று சொல்லலாம். அதுவரை சந்தேகம்தான். சந்தேகத்துக்கு முப்பதாயிரமா? கம்ப்யூட்டர் பாகம் விற்கிற உன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எங்கேயும் ஓடிப்போகாது.

முதலில், மெஷின் எப்படி விழுகிறது என்று எனக்குச் சரியாகச் சொல்லு. "கிராஷ் ஆகுது" என்றால் ஒன்றும் விளங்காது. பிளக்கைப் பிடுங்கியது போல டப்பென்று மொத்தமும் அணைகிறதா? அப்படியென்றால் என் கண் பவர் சப்ளை மேலும் யுபிஎஸ் மேலும்தான் போகும். படம் மட்டும் போய், பாட்டு ஓடிக்கொண்டே இருந்து, கார்டின் ஃபேன் திடீரென்று முழு வேகத்தில் கத்துகிறதா? அது கார்டு, இல்லாவிட்டால் கார்டுக்கு வருகிற கரண்ட். நீலத் திரை வந்தால் அதில் இருக்கிற பெயரைப் போட்டோ எடுத்து அனுப்பு. திரை கறுத்துப்போன அந்த நேரம் ரீஸ்டார்ட் பட்டனைத் தேடாமல் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பார். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது, படம் மட்டும்தான் வரவில்லை. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால், கார்டை இயக்குகிற சாஃப்ட்வேரான டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி கிளம்பும். சில நேரம் படமும் திரும்பி வரும்.

நடந்ததையெல்லாம் விண்டோஸ் பதிந்துவைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று ஒன்று நிற்கும். பவர் என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளையை மாற்றுகிறவர்கள் உண்டு. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த 41 ஒன்றும் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார். டிஸ்ப்ளே 4101 இருந்தால், கார்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது, விண்டோஸ் டிரைவரைத் திருப்பிக் கிளப்பியிருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக 2 வினாடிதான் பொறுத்துப் பார்க்கும். அதனால் டிரைவர் கோளாறிலும், பெரிய ரெண்டர் போட்டு மூச்சு முட்டினாலும்கூட இது வரும். ரிலையபிலிட்டி மானிட்டரில் லைவ் கெர்னல் ஈவென்ட் 141 அடிக்கடி வந்தால் கார்டு மேல் சந்தேகம் கூடும். ஹார்டுவேர் கோளாறைப் பதிகிற டபிள்யூஹெச்இஏ லாகர் என்று வந்தால் புராசஸரையும் மதர்போர்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கோடு, புள்ளி, கட்டம் கட்டமாகக் கலர் சிதறுவது ஏதாவது உண்டா என்று கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. அது முக்கியம். போன சித்திரையில் நம் கடையில் ஒரு காதணி விழா பேனர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையின் கன்னமெல்லாம் பச்சைப் புள்ளியாக மினுங்குகிறது. பின்னால் நின்ற பாட்டி, "என்ன தாயி, எம்பேரனுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்று முகத்தைச் சுளித்தார். கடைப் பையன் உடனே "கார்டு அவுட்டுக்கா" என்றான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். போனில் குழந்தை பளிச்சென்று இருந்தான், ஒரு புள்ளி இல்லை. ஸ்கிரீன்ஷாட்டில் புள்ளி இல்லையென்றால் படம் உள்ளே நன்றாகத்தான் உருவாகிறது, வெளியே வருகிற வழியில்தான் கோளாறு. எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினோம், தீர்ந்தது. நீயும் இதைச் செய். புள்ளி ஸ்கிரீன்ஷாட்டிலும் வந்தால் காரணம் கார்டாகவோ டிரைவராகவோ இருக்கும். விண்டோஸ் வருவதற்கு முன்னால், பயாஸ் திரையிலேயே சிதறுகிறதென்றால் டிரைவர் மேல் பழி போட முடியாது. கேபிளும் மானிட்டரும் நல்லவை என்றால் அநேகமாகக் கார்டின் மெமரிதான்.

அடுத்தது கரண்ட். எனக்கு இதில்தான் பலத்த சந்தேகம், ஏனென்றால் ரெண்டர் போடும்போதுதான் விழுகிறது என்கிறாய். உன் கார்டு 170 வாட். மதர்போர்டில் கார்டைச் செருகுகிற ஸ்லாட் வழியாக 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம், 8 பின் கேபிள் வழியாக 150 வரை. கணக்குக்கு அது போதும். ஆனால் கார்டுகள் ஒரே சீராகக் கரண்ட் இழுப்பதில்லை. கண் இமைக்கும் நேரத்துக்குள் 170-ஐத் தாண்டிக் குதித்துவிட்டுத் திரும்பும். பழைய பவர் சப்ளையால் அந்தக் குதியைத் தாங்க முடியாமல் போகலாம். நீ மெஷினை மாட்டியிருப்பது அந்த 600 விஏ யுபிஎஸ்ஸில்தானே? அந்த ரகம் கொடுப்பது 360 வாட் அளவுக்குத்தான். மெஷின், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதிலேயே செருகியிருக்கிறாய், பேட்டரியும் பழசு. யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரில் இருக்கிற 3 பின் பிளக்கில் நேராக மாட்டி ஓட்டு. நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். இதற்குக் காசு செலவில்லை.

அப்படியும் விழுந்தால் மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டுக் கேபினட்டைத் திற. கார்டைக் கழற்றி மறுபடி மாட்டு. ஸ்லாட் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதை விடுவிக்காமல் இழுத்தால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். கார்டின் கனத்தில் அதன் நுனி கீழே தொங்கியிருக்கிறதா என்று பார். 8 பின் கேபிளைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்து. அந்தக் கனெக்டர் ஓரம் கறுத்தோ உருகியோ இருந்தால் அதற்கு மேல் எதையும் ஓட்டாதே, போட்டோ அனுப்பு.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. அக்னி நட்சத்திரத்தில் மதுரையில் நம் கடை மெஷின்களே ஓடுகின்றன, சென்னை வெயிலுக்கு உன் கார்டு செத்துவிடாது. சூட்டைக் காட்டுகிற எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராமைப் போட்டு ரெண்டர் ஓடும்போது பார். 80 டிகிரியை ஒட்டி நின்றால் பயமில்லை. ஹாட்ஸ்பாட் என்று தனியாகக் காட்டுவது 100-ஐத் தாண்டி, கார்டின் சாதாரணச் சூடாகக் காட்டுவதற்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், சிப்பின் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கிற பேஸ்ட் காய்ந்திருக்கும். ஒரு ஃபேன் சுற்றாமல் நின்றிருந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம். நீ இந்தக் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கினாய். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் மைனிங், அதாவது கார்டுகளை ஓடவிட்டு அந்த டிஜிட்டல் காசைச் சம்பாதிக்கிற வேலை, நின்றுபோனது. ராப்பகலாக மைனிங்கில் ஓடிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. உன்னுடையது அதில் ஒன்றாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. மைனிங் கார்டெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மெமரி சூட்டிலேயே வெந்திருக்கும். ஓசிசிடி என்ற புரோகிராமில் கார்டின் மெமரிக்குத் தனியாக டெஸ்ட் உண்டு. அதில் ஒரே ஒரு எரர் வந்தாலும் எனக்குச் சொல்லு.

உன் பிளெண்டரிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அதில் ரெண்டர் போடுகிற பகுதியான சைக்கிள்ஸில் டிவைஸை சிபியூ, அதாவது புராசஸர், என்று மாற்றி, விழுகிற அதே சீனை ஓடவிடு. மெதுவாகத்தான் போகும், போகட்டும். அதில் விழாமல் முடிந்தால் ராமும் புராசஸரும் ஓரளவு தப்பித்தன. அங்கேயும் விழுந்தால் கார்டை விட்டுவிட்டு, பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ராமைச் சோதி. "அவுட் ஆஃப் மெமரி" என்று எழுதிக் காட்டிவிட்டு ரெண்டர் மட்டும் நின்றால், சீன் பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், கார்டு கெட்டுப்போகவில்லை. டிரைவரைத் துடைத்துவிட்டுப் போடுவதென்றால் அதற்கென்றே இருக்கிற டிடியூ புரோகிராமை வைத்துச் சேஃப் மோடில் துடை. எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. டிரைவர், கேபிள், யுபிஎஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, சரியானதும் எது காரணம் என்று என்னிடம் கேட்காதே.

இவ்வளவும் செய்தும் விழுந்தால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி வா, விடிந்தால் ஊர். கார்டை மட்டும் கொண்டு வா, கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வராதே. அது வந்த பெட்டியும் பளபளப்பான கவரும் இருந்தால் அதிலேயே வை. நம் கடையில் பெரிய மெஷினில் 650 வாட் சப்ளை இருக்கிறது, அதில் மாட்டி உன் ரெண்டரையே ஓட்டுவோம். உன்னிடத்தில் அரை மணியில் விழுகிற கார்டு இங்கே அரை மணி தாங்கியது என்பதற்காக விட்டுவிடமாட்டேன், ராத்திரி முழுக்க ஓடட்டும். திரும்பிப் போகும்போது நம் பழைய கார்டைக் கொண்டுபோய் உன் மெஷினில் போட்டுப் பார். அது சின்னக் கார்டு, அதிகம் கரண்ட் இழுக்காது. அதனால் அது ஓடியதை மட்டும் வைத்து உன் பவர் சப்ளை நல்லது என்று முடிவு கட்டமுடியாது. அதோடும் உன் மெஷின் விழுந்தால் கார்டு நிரபராதி.

கார்டுதான் என்று ஆகிவிட்டால், ஹீட் கன்னில் சூடு காட்டித் தருகிறேன், ஓவனில் வைத்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் கொடுக்காதே. பாகங்களைக் கார்டில் பற்றவைக்கிற இப்போதைய ஈயமில்லாத சால்டர் 217 டிகிரியை ஒட்டித்தான் உருகும். அந்த அளவுக்கு மொத்தக் கார்டையும் வேகவைத்தால் மற்றதெல்லாம் என்ன ஆகும்? சிப்புக்கு அடியில் இருக்கிற இணைப்பு விட்டுப்போவது புதுக் கதையும் இல்லை. 2008-இல் என்விடியாவே லேப்டாப் சிப்புகளில் வந்த இந்தக் கோளாறுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சூடு காட்டினால் கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் ஒரு டெட்லைன் அன்றைக்குப் பார்த்து விழும். ஃபேன் மாற்றுவது, பேஸ்ட் போடுவது, சூட்டைக் கடத்துகிற பேட் மாற்றுவது, இதற்கெல்லாம் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

விற்றவரிடம் பழைய பில் இருக்கிறதா என்று இன்றைக்கே கேள். சீரியல் நம்பரை வைத்து வாரண்டி தருகிற கம்பெனிகள் உண்டு. அந்தத் தேதி முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும்.

புதுசுதான் வாங்கியாகவேண்டும் என்றால் இஎம்ஐ போடாதே. பாதி நான் தருகிறேன், பாதி உன்னுடையது. அதுவரை கையில் இருக்கிற வேலையைச் சிபியூவிலேயே ஓட்டு. பார்ட்டியிடம் இரண்டு நாள் கூடக் கேள், கொடுப்பார்கள். நாங்கள் சித்திரை மாதத்திலேயே கேட்டு வாங்குகிறோம். முதலில் யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு ஒரு ரெண்டர் போட்டுப் பார்த்து, ராத்திரி போன் பண்ணு. பதினொரு மணி வரை முழித்திருப்பேன்.

அம்மா