ஒரே ராத்திரி முட்டைகள்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. சோம்பல் இல்லையடா. தொட்டியில் மூன்று வாரக் கொடுவா மீன் குஞ்சுகள். இந்த நேரத்தில் நகர முடியாது.

இறால் கைவிட்ட குளத்தில் கொடுவா விடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக விடலாம். ஆனால் குஞ்சு விலை கேட்டவன், அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமான சிபா 1997-ல் கொடுவாவைப் பொரிக்க வைத்த கதையை வகுப்பில் சொன்னபோதும் நீ தூங்கிக்கொண்டுதான் இருந்தாய்.

எல்லாம் ஒரே ராத்திரி இட்ட முட்டைதான். 17, 18 மணி நேரத்தில் பொரிந்துவிடும். ஒன்றரை மில்லிமீட்டர், நூல் துணுக்கு மாதிரி மிதக்கும். தீனியாக மூன்றாம் நாள் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், ஒரு வாரம் கழித்து ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால். அதுவரை எது பெரிது, எது சிறிது என்று கண்ணுக்குத் தெரியாது. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆண்தான் என்பதால், ஆண் பெண் வித்தியாசம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. தீனியை முந்திப் பிடித்தது கொஞ்சம் பெருக்கும். பெருத்தது இன்னும் முந்தும். திடீரென்று ஒரு நாள் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் கூட்டத்துக்குள் இரண்டு சென்டிமீட்டர் ரவுடிகள் நாலைந்து திரியும். ஷூட்டர் என்போம். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிற தம்பியையே விழுங்கிவிடும்.

முன்பு நான் இருந்த குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில், ஒரு கல்யாணத்துக்காகக் குஞ்சுகளை அளவுவாரியாகத் தரம் பிரிப்பதை நாலு நாள் தள்ளிப்போட்டோம். திரும்பி வந்து தொட்டி அடியில் சிஃபான் குழாய் விட்டு உறிஞ்சினால், செத்த குஞ்சு ஒரு கைப்பிடிகூட இல்லை. ரொம்பச் சந்தோஷம். எண்ணினால் பாதியைக் காணோம்! ஒன்று மட்டும் மேலே மிதந்தது. வாய்க்கு வெளியே இன்னொன்றின் வால். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், இரண்டும் செத்திருந்தன.

அதிலிருந்து, துளை போட்ட பிளாஸ்டிக் பேசினை மிதக்கவிட்டு நாலு நாளைக்கு ஒருமுறை சலித்துவிடுகிறேன். சிறிசு துளை வழியே நழுவிப் போகும், பெரிசு தங்கும். கடைசியில் நிற்கும் பொடிசுகளைக் கொட்டிவிடச் சொல்வார்கள். நான் கொட்டுவதில்லை. தனித் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். ரவுடிகள் இல்லாத இடத்தில் பாதிக்கு மேல் நன்றாகவே தின்று தேறிவிட்டன. வளராத ஜாதி என்று நினைத்தது வெறும் பயந்தாங்கொள்ளிதான்.

அதனால் வாங்கப் போகும்போது ஒரு மக்கில் அள்ளிப் பார். அளவு கலந்திருந்தால், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். ஒரே அளவாக வாங்கினாலும் நேரே குளத்தில் கொட்டாதே. குளத்துக்குள் கட்டும் பெட்டி மாதிரியான ஹாப்பா வலைக்குள் வைத்து, விரல் நீளத்தைத் தாண்டும்வரை வாராவாரம் பிரி. தீனியையும் ஒரே வேளையில் கொட்டாமல் நாலைந்து தடவையாகப் போடு.

அப்புறம், அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எழுது. நேற்றுப் போட்ட ஆர்ட்டீமியா பொரிந்திருக்கும், எடுக்கப் போகிறேன்.

உன்,
மாப்பிள்ளைதான்