எங்கள் இணையவழிச் சங்கீத வகுப்பைத் தாங்கிய உங்களுக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் அயலவர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வெள்ளவத்தையில் என் வீட்டிலிருந்து தொடங்கிய வகுப்பு, 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டையும் மின்வெட்டையும் கடந்து இன்றும் நடக்கிறது. அதற்குக் காரணமானவர்களுக்கு எழுத்தில் நன்றி சொல்ல நெடுநாளாக ஆசை.

முதல் நன்றி, எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஒலிப்பதிவாளர் தம்பிக்கு. ஜூமில் தம்புராச் சுருதி பிள்ளைகளுக்குக் கேட்கவேயில்லை. இடைவிடாமல் ஒலிப்பதை அந்தச் செயலி இரைச்சல் என்று கருதி அடக்கிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து தந்தார். ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் எல்லோரும் சேர்ந்து பாட இயலாது, ஒருவர் பாட மற்றவர்கள் கேட்கட்டும் என்றவரும் அவரே. கூட்டத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அதன்பின்தான் நான் சரியாகக் கேட்டேன்.

"இன்று மனம் எப்படி?" என்று வகுப்பில் கேட்பேன். வார்த்தையில் பதில் வேண்டாம். தெரிந்த ராகத்தில் கொஞ்சம் சுரம் போதும். சோகம் என்றால் முகாரி என்றுதான் நாமெல்லாம் படித்திருக்கிறோம். எப்போதும் கலகலப்பாகப் பேசும் ஒரு சிறுமியோ, மகிழ்ச்சியான ராகம் என்று சொல்லப்படும் மோகனத்தை எடுத்தாள். அதன் காந்தாரத்தில், அதாவது 'க' சுரத்தில், நின்று நின்று, மிக மெதுவாகப் பாடினாள். அவளுடைய அப்பா வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட்டுப் போயிருந்த நேரம் அது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் அத்தனை ஏக்கம் இருக்கும் என்பதை அன்று அவளிடம் கற்றேன். இதை எழுத அனுமதித்த அவளுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

பாடும்போது கமராவை அணைக்க விடுங்கள், பாடி முடித்ததும் காரணம் கேட்டுத் துருவாதீர்கள் என்று சொல்லித்தந்த உளவளத்துணை ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லால்தான் பிள்ளைகளுக்குக் கூச்சம் விட்டது. தாளத்தைப் பதிவுசெய்து அனுப்பிய மிருதங்க ஆசிரியருக்கும், டேட்டா முடிந்த வீடுகளுக்குச் சொல்லாமலே ரீலோட் போட்டுவிட்ட பெற்றோருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மம்மா இருக்கிறார். வீடோ ஒரே அறை. பேரன் தயங்காமல் பாடட்டும் என்று, வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் போய் அமர்ந்திருப்பாராம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா, உங்களை நான் இன்னும் நேரில் கண்டதில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் குரல் திறந்ததில் என்னைவிட உங்களுக்கே பங்கு அதிகம்.

வரும் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் உங்களுக்காகவே பாடுகிறார்கள். ராகங்களை அவர்களே தெரிவு செய்துவிட்டார்கள். அனைவரும் அவசியம் இணையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பிள்ளைகளின் சங்கீத ரீச்சர்
வெள்ளவத்தை, கொழும்பு