கையெழுத்துப் போடும் கணக்காய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் நிதிக் கம்பனிகளின் கணக்குகளைப் பார்த்துக் கையெழுத்திடும் கணக்காய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். உங்கள் அளவுக்குப் படிப்பில்லை. நிதிக் கம்பனி ஒன்று படுத்தால் 'வட்டிக்கு ஆசைப்பட்டவைக்கு நல்லா வேணும்' என்கிறார்களே, அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமி ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. பணிக்கொடையை அப்படியொரு கம்பனியில் வைப்பிலிட்டார். வீட்டுக்கு வந்த முகவர் வட்டியைப் பற்றிக் கனக்கப் பேசவில்லை. பத்திரிகையில் வந்த கணக்கு விபரத்தை மேசையில் விரித்து, "டீச்சர், பாருங்கோ, ஓடிட்டர் சைன் பண்ணியிருக்கிறார்" என்றார். மாமி நம்பியது உங்கள் கையெழுத்தை. கம்பனி படுத்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி இன்று ஒருவருக்கு 11 லட்சம் ரூபா வரைதான். மிச்சத்துக்கு அவர் யாரிடம் போவது?

பிறகு அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். பணிப்பாளர்களின் வேறு கம்பனிகளுக்குக் கடன் போயிருந்தது கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்து ஆங்கிலக் குறிப்பில் இருந்தது. மறைத்தீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் யார் வாசிப்பார் என்று நினைத்து அதற்குக் கையெழுத்திட்டீர்கள்?

1939இல் எட்வின் சதர்லாந்து என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'வெள்ளைக் கொலர் குற்றம்' என்று பெயர் வைத்தது இந்த வகைக்குத்தான்: மதிப்பான ஆள், தன் தொழிலுக்குள்ளேயே செய்வது. அவருடைய மாணவர் டொனால்ட் கிரெசி, நம்பிக்கை மோசடிக்காகச் சிறையில் இருந்தவர்களிடம் பேசிப் பார்த்தார். திருடினோம் என்ற நினைப்பே பலருக்கு இல்லை; கைமாற்றாக எடுத்தோம், திருப்பி வைத்திருப்போம் என்பதுதான் அவர்கள் கணக்கு. தன் இன்னொரு கம்பனிக்குக் காசை நகர்த்தும் பணிப்பாளரும் இதைத்தானே தனக்குச் சொல்லிக்கொள்வார்?

நம்மூரில் வைப்பாளர்களின் காசோடு படுத்தவை: 2002இல் பிரமுக வங்கி, 2008இல் கோல்டன் கீ, 2020இல் உரிமம் ரத்தான ஈடிஐ நிதிக் கம்பனி. பெரும்பாலும் வைப்பாளர்கள் பதாகையோடு தெருவுக்கு வந்த பிறகுதான் விசாரணை, ஆணைக்குழு எல்லாம். வழக்குகள் இழுபடும். (கடைக்காரன் செக் திரும்பினால் மட்டும் பொலிஸ் அடுத்த கிழமையே வந்துவிடும்.)

முதலில் தெரிவது உள்ளே இருப்பவருக்குத்தான். கணக்கு ஆண்டு முடியும் மார்ச் 31 அன்று, காசு இருப்பதாகக் காட்ட, கம்பனியின் கணக்கில் பெரிய தொகை வந்து குந்தும், சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வந்த வழியே போய்விடும். அதைக் காண்பவர் உங்கள் பயிற்சிப் பிள்ளை, வவுச்சர்களைப் புரட்டும் இருபத்திரண்டு வயதுப் பெடியன். அவன் கேட்டால், "தம்பி, அது கிளையன்ட் விஷயம், விடும்" என்கிறோம். ஓம், 'என்கிறோம்' என்றுதான் எழுதுகிறேன். எங்கள் கடைகளிலும் அதே பேச்சுத்தான். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு உண்டு. உங்கள் அலுவலகத்துக்குள் அந்தப் பெடியனுக்கு என்ன பாதுகாப்பு? அவன் கேட்ட கேள்வியையும் உங்கள் பதிலையும் கோப்பிலேயே எழுதி வையுங்கள், அழிக்க முடியாதபடி.

அப்புறம் இன்னொன்று. பணிப்பாளர்களின் கம்பனிகளுக்குப் போன கடன் எவ்வளவு, அதற்குப் பிணை என்ன, திரும்பி வந்தது எவ்வளவு என்று ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் போடச் சொல்லிக் கேளுங்கள். போட மறுக்கும் கம்பனிக்கு அடுத்த வருடம் கையெழுத்திடாதீர்கள்.

இப்படிக்கு,
புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை ஒருவன்