மே கடைசித் திங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களே, செயலாளர்களே, செயற்குழு நண்பர்களே,

வணக்கம். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை மெமோரியல் டே, பணியில் உயிர் விட்ட அமெரிக்கப் படைவீரர்களை நினைவுகூரும் நாள். அதை ஒட்டி நம் சங்கங்கள் பல ஊர்களில் பிக்னிக் நடத்துகின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிக்னிக் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோடை தொடங்கும் நேரம், மூன்று நாள் விடுமுறை, பிள்ளைகள் ஓடியாடுவார்கள், அதெல்லாம் இருக்கட்டும். ஆனால் "ஹேப்பி மெமோரியல் டே" என்று வாட்ஸ்அப்பில் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டாம். அன்று காலை ஊர்க் கல்லறையில் நடக்கும் நிகழ்ச்சிக்குச் சங்கத்தின் சார்பில் சிலராவது போக வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்க வேண்டும். இவற்றைக் கேட்கத்தான் இந்த மடல்.

என் மகன் அமெரிக்க ராணுவத்தில் இருக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் விடுப்பில் வந்திருந்தவனை ஒரு சங்கத்தின் மெமோரியல் டே பிக்னிக்குக் கூட்டிப் போயிருந்தோம். அன்போடுதான் அழைத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், "உங்கள் சேவைக்கு நன்றி" என்று கைதட்டினார்கள். அவன் தலையைக் குனிந்தபடியே வந்து உட்கார்ந்தான். அவனோடு பயிற்சி எடுத்த ஒருவன் இன்று உயிரோடு இல்லை. அவனை நினைக்க வேண்டிய நாளில் தனக்குக் கைதட்டல் விழுந்ததை இவனால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அழைத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போது நான் சொல்கிறேன். பணியில் இருப்பவர்களுக்கு மே மாத மூன்றாம் சனிக்கிழமை, ஆர்ம்டு ஃபோர்சஸ் டே. படையில் பணியாற்றிய அனைவருக்கும் நவம்பர் 11, வெட்டரன்ஸ் டே. மே கடைசித் திங்கள், உயிரோடு திரும்பி வராதவர்களுக்கு. பொன்னாடையை நவம்பரில் போர்த்துங்கள், மனம் நிறைந்து வாங்கிக்கொள்வார்கள்.

இந்த நாள் பிறந்த வரலாற்றைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் இருந்த குதிரைப் பந்தயத் திடலைத் தெற்குப் படை சிறையாக்கி வைத்திருந்தது. அங்கே இறந்துபோன வடக்குப் படை வீரர்கள் 257 பேரை ஒரே குழியில் போட்டு மூடியிருந்தார்கள். போர் முடிந்ததும், அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்கள் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து, தனித்தனியாக முறைப்படி அடக்கம் செய்து, இடத்தைச் சுற்றி வேலியும் போட்டார்கள். 1865 மே 1 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அங்கே ஊர்வலமாக வந்தார்கள். முன்வரிசையில் கைநிறையப் பூக்களோடு பள்ளிப் பிள்ளைகள். யார் எவர் என்று தெரியாத வீரர்களுக்கு, தங்களுக்கென்று எதுவுமே இல்லாத மக்கள் செய்த மரியாதை அது. பிற்பாடு நாடு அதை ஏறக்குறைய மறந்தே போனது. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைட் பழைய ஆவணங்களிலிருந்து தேடி எடுத்து எழுதிய பிறகுதான் மறுபடி பேசுகிறார்கள்.

1868இல் வடக்குப் படையின் முன்னாள் வீரர் அமைப்புக்குத் தலைவராக இருந்த ஜெனரல் ஜான் லோகன், மே 30 அன்று நாடெங்கும் வீரர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கச் சொல்லி ஆணை அனுப்பினார். அதனால் அதற்கு அப்போது டெக்கரேஷன் டே, அதாவது அலங்கரிக்கும் நாள், என்று பெயர். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த சட்டத்தால், 1971 முதல் அது கடைசித் திங்கட்கிழமைக்கு மாறியது. நீண்ட வார இறுதி கிடைத்தது, நாளின் கனம் குறைந்தது. இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, பழைய மே 30ஐத் திரும்பக் கொண்டுவர மசோதா மேல் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2012இல் இறக்கும்வரை அது நிறைவேறவில்லை. ஆக, இந்த நாளை விற்பனைத் தள்ளுபடிக்கும் பார்பெக்யூவுக்கும் விட்டுவிட்டதில் அமெரிக்கர்களுக்கே மனக்குறை உண்டு. நாம் மட்டும் செய்யும் தவறு என்று யாரும் எண்ண வேண்டாம்.

"நமக்கும் இதற்கும் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நிறைய இருக்கிறது. 2009 முதல் 2016 வரை, கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருந்தவர்களையும் மொழித் திறனுக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்டு, குடியுரிமைக்கு விரைவாக வழிசெய்தார்கள். மாவ்னி என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அதில் ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழ் தெரியும் என்பதே ஒருவரைச் சீருடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது! இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் சேர்கிறார்கள். உங்கள் உறுப்பினர் பட்டியலிலேயே ராணுவக் குடும்பங்கள் இருக்கும், அவர்களாக வந்து சொல்ல மாட்டார்கள்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. மருமகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறாள். பேரப்பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் புதுப் பள்ளி, புது நண்பர்கள், புதுத் தமிழ்ச் சங்கம். பழகுவதற்குள் அடுத்த மாற்றல் உத்தரவு. மகன் வெளிநாட்டுப் பணியில் இருக்கும் மாதங்களில், தெரியாத கார் ஒன்று எங்கள் வீட்டு வாசலில் மெதுவாக நின்றால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இறப்புச் செய்தி சொல்ல, சீருடையில் இரண்டு பேர் நேரில் வருவார்கள் என்பது எல்லா ராணுவ அம்மாக்களுக்கும் தெரியும். எங்கள் ஜன்னலில் தொங்கும் சிறு கொடியில் ஒரு நீல நட்சத்திரம் இருக்கிறது. பணியில் இருக்கும் பிள்ளைக்கு நீலம், பணியில் உயிர் விட்டால் பொன் நிறம். முதல் உலகப் போர்க் காலத்து வழக்கம். அந்தப் பொன் நட்சத்திரம் உள்ள வீட்டுக்கு உங்கள் "ஹேப்பி" அட்டை போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், கொடி. மெமோரியல் டே அன்று கொடியை முதலில் உச்சிக்கு விறுவிறுவென்று ஏற்றி, பிறகு மெதுவாக அரைக்கம்பத்துக்கு இறக்க வேண்டும். நண்பகல் வரை அப்படியே இருக்கும், 12 மணிக்கு மறுபடி உச்சிக்கு ஏறும். மேடையில் இந்தியக் கொடியோடு சேர்த்து வைக்கும்போது தனித்தனிக் கம்பம், ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே அளவு. அமெரிக்கக் கொடி, பார்வையாளர் பக்கமிருந்து பார்க்க இடது கோடியில் இருக்க வேண்டும். மேசை விரிப்பாகப் போடக் கூடாது. கொடி அச்சிட்ட காகித நாப்கினில் சாம்பார்க் கையைத் துடைத்துக் குப்பையில் போடுவது வேண்டவே வேண்டாம், கொடி விதிகளிலேயே நாப்கின் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. மீறினால் தண்டனை ஏதும் கிடையாது. கொடியை எரித்துப் போராடுவதும் கருத்துரிமைதான் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாடு இது. கட்டாயம் இல்லாத இடத்தில் செய்யும் மரியாதைக்குத்தான் மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன். ராணுவ இறுதிச் சடங்கில் அந்தக் கொடியை முக்கோணமாக மடித்து, மண்டியிட்டு ஒரு தாயின் கையில் கொடுப்பதைப் பார்த்தவர்கள் அதைக் காகிதத் தட்டில் அச்சடிக்க மாட்டார்கள்.

ஜூலை 4க்கு நீங்கள் எவ்வளவு கொண்டாடினாலும் தகும். தமிழ்ச் சங்கப் பேரவை விழா, பறை, சிலம்பம், ஊர்வலம், எல்லாமே அந்த நாளுக்குப் பொருத்தம்தான். வெடி வெடிப்பதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே தெருவில் சொல்லிவிடுங்கள். போரிலிருந்து திரும்பிய சிலருக்கு எதிர்பாராத வெடிச் சத்தம் பெரிய வேதனை.

பிற்பகல் 3 மணி என்று நான் இட்டுக்கட்டவில்லை. நாடு முழுவதும் அவரவர் உள்ளூர் நேரப்படி ஒரு நிமிடம் நினைவுகூர 2000இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். கயிறு இழுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தாலும் ஒலிபெருக்கியில் அறிவித்து நிறுத்துங்கள், பிள்ளைகள் காரணம் கேட்பார்கள், சொல்லுங்கள். காலையில் கல்லறைக்குப் போவதும் கடினமில்லை. தேசியக் கல்லறைகள் மட்டுமே 150க்கும் மேல் இருக்கின்றன, சின்ன ஊர்களிலும் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் அமைப்பின் கிளைகள் நிகழ்ச்சி நடத்துகின்றன. தலைநகர் வாஷிங்டனுக்கு அருகே உள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் வீரர்களே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளின் முன் சிறு கொடிகள் நடுகிறார்கள். மற்ற பல இடங்களில் அந்த வேலைக்குப் பொதுமக்களின் உதவி தேவைப்படும். நடுகல் நட்டு வீரனை வணங்கிய மரபில் வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரலிலேயே கல்லறை அலுவலகத்தைக் கூப்பிட்டு, எத்தனை பேர் வரலாம், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பகுதிச் சங்கத்துக்கு அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
ஒரு ராணுவ வீரனின் அம்மா