சுருக்க லிங்க் கம்பெனிக்குள்ளேயே இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீளமான இணைய முகவரிக்குப் பதிலாக வரும் குட்டி முகவரிதான் சுருக்க லிங்க். அதை அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி நம் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்று எச்சரிக்கிறீர்கள். சரிதான். ஆனால் பல கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்கே தினமும் அந்த மாதிரி லிங்க்கைத்தான் அனுப்புகின்றன. எங்கே போகிறது என்று பார்க்காமல் தொடும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் 11 வருடமாகக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். அளவு சார்ட், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் எங்களுக்கு ஆன்லைன் ஷீட்டுகள். ஒவ்வொன்றின் முகவரியும் ஒரு முழம் நீளம். அதனால் ஓர் இலவசச் சேவையில் சுருக்கி, பிரிண்ட் எடுத்துப் பேக்கிங் செக்‌ஷன் சுவரில் ஒட்டியிருந்தோம். ஒருநாள் கண்டெய்னரில் லோடு ஏற்றும் நேரத்தில் அங்கு வேலை பார்க்கும் அக்கா போனோடு ஓடிவந்தார். பெட்டிக் கணக்கு வர வேண்டிய இடத்தில் சூதாட்ட விளம்பரம். அந்தச் சேவையை மூடிவிட்டார்கள். அதன் இணையப் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

பெரிய கம்பெனியின் சேவை என்றாலும் நம்பி உட்கார முடியாது. கூகுள் 2009இல் தொடங்கிய சுருக்க லிங்க் சேவையை 2019இல் நிறுத்தியது. பழைய லிங்க்குகளும் 2025 ஆகஸ்டோடு வேலை செய்யாது என்று அறிவித்து, கடைசி நேரத்தில் புழக்கத்தில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைத்தது. ரகசியமும் நிற்காது. சுருக்க லிங்க்கின் கடைசியில் இருப்பது ஐந்தாறு எழுத்துதானே, மாற்றி மாற்றிப் போட்டே கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவின் கார்னெல் டெக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2016இல் அப்படித்தான் ஊரார் ஃபைல்களைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

அப்புறம்தான் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எங்களுக்கென்று ஒரு சுருக்க லிங்க் சேவையை வைத்தேன். உள்ளே இருப்பது ஒரே பட்டியல்: இந்தப் பெயரைக் கேட்டால் இந்த முகவரிக்கு அனுப்பு. எங்கள் நெட்வொர்க்கில் ‘கோ’ என்ற பெயர் அந்த மெஷினைக் காட்டும். ‘கோ’வுக்கு ஜி, ஓ என்று ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. அடுத்து ஒரு சாய்கோடு, அப்புறம் ‘அளவு’ அல்லது ‘பேக்கிங்’. சாய்கோட்டை விட்டால் பிரவுசர் தேடப் போய்விடும். அதை மட்டும் எல்லோருக்கும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பெயர்களைத் தமிழில் வைத்ததில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் முதல் வாரமே ஒரு சிக்கல். ‘கொள்முதல்’ என் மெஷினில் திறந்தது, ஸ்டோர் அண்ணன் மெஷினில் திறக்கவில்லை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பாதி நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ‘கொ’வில் வரும் குறியை, கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் கொம்பு பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். என் கீபோர்டு ஒரு வழி, அவர் கீபோர்டு இன்னொரு வழி. எந்த வழியில் வந்தாலும் ஒரே வடிவமாக மாற்றிவிட்டுத் தேடு என்று புரோகிராமில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது. தமிழில் இப்படிச் செய்ய நினைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இன்னொன்று, சின்னப் பெயரிலிருந்து முழு முகவரிக்கு அனுப்பும்போது மெஷின் பிரவுசருக்கு ஒரு குறியெண் சொல்லும். நிரந்தர மாற்றம் என்று சொல்லும் 301ஐ அதற்கு வைக்காதீர்கள். பிரவுசர் அதை மனதில் வைத்துக்கொள்கிறது. நான் ஷீட்டை மாற்றிய பிறகும் அக்கவுண்ட்ஸில் பழையதே திறந்தது. தற்காலிக மாற்றம் என்று சொல்லும் 302 வைத்தபின் அந்தத் தொல்லை இல்லை. ஷீட்டை யார் திறக்கலாம் என்ற பூட்டு ஷீட்டிலேயே இருக்க வேண்டும். சின்னப் பெயர் எதையும் காக்காது. பட்டியலை மட்டும் தினமும் ராத்திரி வேறொரு மெஷினுக்கு நகல் எடுக்கிறேன்.

முதலாளிக்கு இதில் ஒரு ரூபாய் செலவில்லை. இப்போது ‘கோ’ இல்லாத சுருக்க லிங்க் வந்தால் எங்கள் ஆட்கள் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்கிறார்கள். சிறு கம்பெனி நடத்துபவர்களுக்காக உங்கள் தொழில் பக்கத்தில் இதை விளக்கி எழுதுங்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத்தர நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்.